கோபக்காரியின் பால்

புத்தளம் பக்கத்து எத்தாளையைத் தாண்டி வடக்கே போனால் வரும் கரையொன்றில் அனஸ்தாசியா என்று தேடிக்கொண்டு போகிறவரிடம், எந்த அனஸ்தாசியா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "ஆர், அந்த வாய்க்காரியோ" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவள் காதில் விழுந்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கருவாட்டுக் கூடையோடு புத்தளம் பஸ்ஸில் ஏறிய பெண்களை, நாற்றம் என்று சொல்லி நடுவழியில் இறக்கப் பார்த்த கொண்டக்டரிடம், "நீ மத்தியானம் சோத்தோட என்னத்தைத் தின்னுறாய்" என்று கேட்டு, மிதிபலகையில் குந்திக்கொண்டு பஸ்ஸை நகரவிடாமல் வைத்தவள் அவள். அப்போது அவள் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை. கோயில் கொமிட்டிக் கூட்டத்தில் பெண்களுக்குக் கதிரை போடவில்லை என்று தெரிந்ததும், தன் வீட்டுக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் போட்டு உட்கார்ந்ததும் அவள்தான். அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களில் பெண்களுக்கும் கதிரை போடுகிறார்கள். போட்டுவிட்டு, "அந்த வாய்க்காரியால வந்த கரைச்சல்" என்கிறார்கள். உட்காருகிற பெண்களும் அதையேதான் சொல்கிறார்கள். நன்றி கெட்ட கரை.

இப்படிப்பட்டவளைக் கட்டுவதற்கு ஆள் கிடைப்பது லேசா? தகப்பன் சூசைப்பிள்ளை கரைவலை இழுத்து இழுத்து முதுகு வளைந்து போகும் வரைக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் யாக்கோபு வந்தான். யாக்கோபு நல்லவன். கடலுக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், கிழிந்த வலையைப் பொத்துவான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்குள் சோளகக் காற்றுக் காலமே ஆரம்பித்து முடிந்துவிடும். பேசாதவனுக்குப் பேசுகிறவள் பொருத்தம் என்று ஊர் சிரித்தது. அவர்களுக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை, பிள்ளை ஒன்றைத் தவிர.

இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் கலைந்தது. அப்போதுதான் அந்தக் கதை தொடங்கியது. கோபக்காரியின் வயிற்றில் பிள்ளை தங்காது, உள்ளே சூடு, கரு வெந்துபோகும் என்று. முதலில் யார் சொன்னது என்று தெரியாது. யாக்கோபின் தமக்கை யூஜீனியா சொல்லியிருப்பாள் என்று அனஸ்தாசியா நினைத்தாள். கேட்டால் சத்தியம் செய்து மறுப்பாள் என்றும் தெரியும். ஆரம்பத்தில் அனஸ்தாசியா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே சொல்லை ஆள் மாற்றி ஆள் சொல்லச் சொல்ல, ஒருநாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது மெய்தானோ என்று பட்டது. எவர் முன்னும் குனியாதவள் அந்தச் சொல்லுக்கு முன்னால் குனிந்தாள். அதுதான் அநியாயம்.

மூன்றாம் முறை தங்கியது. நிலுக்சன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறும்போதே யூஜீனியா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"இவ்வளவு நாளும் நீ பேசினது பேசினதுதான், பிள்ளை. இனிப் பால் குடுக்கிற உடம்பு. ஆத்திரத்தில ஊறுற பால் நஞ்சு. அது பிள்ளையின்ட நாக்கிலதான் முதல் தெரியும்."

"அப்ப கோபம் வந்தா என்ன செய்யிறது, மச்சாள்?"

"முதல் பாலை மண்ணில பீச்சி விடு. தண்ணி குடி. ஒரு அருள் நிறைந்த மரியாயே செபம் சொல்லு. நெஞ்சு ஆறின பிறகு பிள்ளையைப் போடு."

அந்தக் கரையில் இதைச் செய்யாத தாய் இல்லை. மீன்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாலும், மாமியாரோடு முகம் முறித்துக்கொண்டாலும், வேலியோரம் திரும்பி நின்று மண்ணில் பாலைப் பீய்ச்சிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார்கள். மற்றப் பெண்களுக்கு அது மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ. அனஸ்தாசியாவுக்கு? அவளுக்குக் காலையில் காகம் கரைந்தாலே கோபம் வரும். முதல் கிழமை ஏழு நாளும் அவள் வேலியோரத்து எறும்புக்குத்தான் பால் வார்த்தாள். பிள்ளை பசியில் கத்த, தாய் தண்ணீர் குடித்துக்கொண்டு நெஞ்சு ஆறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தாள். இதைப் பார்த்து, இது விசர், பைத்தியம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு யாக்கோபின் கூட்டாளிகள் முற்றத்தில் போத்தலோடு குந்திவிட்டார்கள். குடித்தது போதாதென்று பாட்டு வேறு. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வெடுக்கென்று விழித்து அழுதது. அனஸ்தாசியா வெளியே வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் கூட்டாளிகள் செருப்பைக்கூடத் தேடாமல் போனார்கள். பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்ததால் மண்ணும் இல்லை, மரியாயும் இல்லை. அப்படியே தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கிழமைக்குள் பிள்ளையின் வாய் வெளுத்தது.

முதலில் பால்தான் நாக்கில் காய்ந்திருக்கிறது என்று நினைத்தாள். துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியது மாதிரித் திட்டுத்திட்டாக இருந்தது. பிள்ளை மார்பில் வாயை வைப்பதும், இரண்டு இழுப்பு இழுப்பதும், விட்டுவிட்டு அழுவதுமாக இருந்தான். யூஜீனியா வந்தாள். பிள்ளையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு அனஸ்தாசியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"நான் சொன்னனான் தானே" என்றாள். "அண்டைக்கு முத்தத்தில நிண்டு கத்தின கையோட பிள்ளையைப் போட்டாய். இப்ப பார்."

அனஸ்தாசியா ஒன்றும் பேசவில்லை. பேசினால் அது கோபம். கோபம் என்றால் நஞ்சு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் சத்தம் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் இருந்தவர்கள், "பிள்ளை பிறந்ததும் ஆள் திருந்திட்டாள்" என்று மெச்சிக்கொண்டார்கள்.

யூஜீனியா கெட்டவள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டவளாக இருந்திருந்தால் அனஸ்தாசியா எப்போதோ வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருப்பாள். யூஜீனியாவின் கை ராசியான கை என்று அந்தக் கரையில் பெயர். பிள்ளைக்கு வாய் வெளுத்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் ஒரு போத்தல் தேன் இருந்தது. திருவிழாவுக்குப் போன இடத்தில் வாங்கி, பங்குச் சுவாமியாரிடம் கொடுத்து ஆசீர்வதித்துக்கொண்டு வந்தது. அந்தப் போத்தலுக்குள் ஒரு சின்ன மாதா சுரூபத்தையும் போட்டு வைத்திருந்தாள். தேனை அசைத்தால் அடியில் அது மெல்லத் திரும்பும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெங்காரத்தை ஓட்டில் போட்டுப் பொரித்து, பொங்கி வந்த வெள்ளையைத் தூளாக்கி, அந்தத் தேனில் குழைப்பாள். ஒரு பழைய பருத்திச் சீலைத் துண்டை விரலில் சுற்றி, அதில் தோய்த்து, பிள்ளையின் நாக்கை உரசுவாள்.

நிலுக்சனுக்கும் உரசினாள். காலையும் மாலையும் வந்து உரசினாள். வெள்ளை உரிந்த இடத்தில் இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. பிள்ளை மூச்சடைத்து நீலமாகும் வரைக்கும் கத்தினான்.

"நல்லா அழட்டும்" என்பாள் யூஜீனியா. "அழுதாத்தான் நஞ்சு வெளியால போகும்."

அனஸ்தாசியா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எள்ளும் கொள்ளும் வெடித்தது. இந்தக் கையைத் தட்டிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. தட்டிவிட்டால் அது இன்னொரு கோபம், பிள்ளையின் வாயில் இன்னொரு வெள்ளை. அவளை அவளின் கோபத்தாலேயே கட்டிப் போட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் அவளுக்கும் ஒரு வேதனை. அதை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை வாயை வைத்த நொடியில் இருந்து மார்பில் கண்ணாடித் துண்டு ஏறுகிற மாதிரி இருக்கும். குடித்து முடித்த பிறகும் முதுகு வரைக்கும் குத்தும். காம்பு சிவந்து மினுங்கியது, தோல் உரிந்தது, சட்டை பட்டால் உயிர் போகும். வெட்கத்தை விட்டு யூஜீனியாவிடம் சொன்னாள்.

"முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்பிடித்தான். தோல் காய்க்க வேணும். கடல் தண்ணியால கழுவு."

யாக்கோபு ஒரு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வெடித்த தோலில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிய பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவன் யோசித்தானா? யோசித்திருக்க மாட்டான். அவள் கிணற்றடியில் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு கழுவினாள். அவன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வலை பொத்தப் போனான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கிற ஆள் இல்லை.

மிட்வைஃப் முஃப்லிஹா மிஸ் ஒருநாள் ஸ்கூட்டரில் வந்தாள். பிள்ளை பிறந்த வீடுகளை அவள் பார்த்துக்கொண்டு போகிற நாள். அனஸ்தாசியா எழுந்து வருவதற்குள் யூஜீனியா வாசல் படலையடிக்குப் போய்விட்டாள்.

"பிள்ளை இப்பத்தான் கண்ணயர்ந்தது, மிஸ். எல்லாம் நல்லம்."

முஃப்லிஹா வாசலில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்தாள். "அம்மா, பால் நல்லா வருதா? நோவு கீவு ஒண்டும் இல்லையே?"

யூஜீனியா திரும்பி அனஸ்தாசியாவைப் பார்த்தாள். உள்ளே வெங்காரத் தூள் மேசையில் கிடந்தது. சொன்னால் அங்கே ஒரு சண்டை வரும். வந்தால் பிள்ளைக்கு அடுத்த பால் வேலியோரத்து மண்ணுக்கு.

"ஓம், மிஸ். வருது" என்றாள் அனஸ்தாசியா.

பஸ்ஸையே நிறுத்திய வாயில் இருந்து வந்த சொல் அது. முஃப்லிஹாவுக்கும் இன்னும் எத்தனையோ வீடு இருந்தது, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளை போகவில்லை. ஒருநாள் குறைந்த மாதிரி இருக்கும், அடுத்த நாள் திரும்பவும் ஏறும். பிள்ளை மெலிந்தான். தொடையில் இருந்த மடிப்பு காணாமல் போனது. யூஜீனியா வெங்காரத்தைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே ஒவ்வொரு நாளும் அதே பாட்டு: "என்ட மகளைப் பார். டிலுக்ஷி பூனை மாதிரி. ஒரு சத்தம் இருக்கா? அவளின்ட பிள்ளை எப்பிடி இருக்குது." கடைசியில் ஒருநாள், "இந்தப் பாலை நிப்பாட்டு, பிள்ளை. பால்மா பெட்டி ஒண்டு எடுப்பம். உன்ட பால் அவனுக்கு ஒத்து வராது" என்றாள். யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலைகுனிவு அது. அனஸ்தாசியா நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை, மூன்றாவதுக்குப் பாலும் ஆகவில்லை என்றால் பிறகு தான் எதற்கு என்று அவள் நினைத்துக்கொண்டது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலையில் யூஜீனியா வந்து வழமையை விட அழுத்தி உரசிவிட்டு, சந்தைக்குப் போகிற அவசரத்தில் போத்தலையும் சீலைத் துண்டையும் மேசையில் விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் போல அனஸ்தாசியா பிள்ளையை யாக்கோபிடம் விட்டுவிட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு, வேலியில் இருந்த பொட்டால், அந்த ஓட்டையால் நுழைந்து யூஜீனியாவின் பின்வீட்டுக்குப் போனாள். யூஜீனியா இன்னும் வரவில்லை. டிலுக்ஷி அறைக்குள் பாயில் உட்கார்ந்து மகளுக்குப் போத்தலில் பால்மா கொடுத்துக்கொண்டிருந்தாள். அனஸ்தாசியா மாமியைக் கண்டதும் சட்டென்று பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடினாள்.

இந்த வெக்கையில் பிள்ளையின் முகத்தை மூடுகிறவள் உண்டா? அனஸ்தாசியா குனிந்து துணியை விலக்கினாள். பிள்ளை போத்தலை விட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது. உள்ளே நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் ஒரே வெள்ளை. நிலுக்சனின் வாயை விட மோசம்.

"எப்ப இருந்து?"

"உங்கட பிள்ளைக்கு முதலே இருக்குது, மாமி." டிலுக்ஷி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டவ. இஞ்ச உரசிப்போட்டுத்தான் உங்கட வீட்டுக்கு வாறவ."

"இதே சீலையாலயா?"

"இதுதானே ராசியான சீலை. கழுவினா ஆசீர்வாதம் போயிடும் எண்டு கழுவவும் விடமாட்டா."

அனஸ்தாசியா கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். மடிப்புக்குள் வெள்ளை காய்ந்து கிடந்தது. எந்தப் பிள்ளையின் வெள்ளை அது? ஆனால் அவள் கேட்டது வேறொன்று.

"டிலுக்ஷி, நீ ஆரோட கோபிச்சனீ?"

"நானா, மாமி?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளங்காததும் நியாயம்தான். முற்றத்துக் கோழியைக்கூட "போங்கோ" என்று மரியாதையாகத் துரத்துகிறவள் டிலுக்ஷி. புருஷன் கட்டாருக்குப் போய் ஒரு மாதமாகக் கதைக்காமல் இருந்தபோதும், "அவருக்கு வேலை போல" என்றவள். அவள் பாலில் நஞ்சு எங்கிருந்து வந்தது? அவள் பிள்ளைக்கு வாய் வெளுக்குமென்றால், வெளுக்கிறதுக்குக் கோபம் தேவையில்லை. இவ்வளவு நாளும் அனஸ்தாசியா விழுங்கியதெல்லாம், மண்ணுக்கு வார்த்ததெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றதெல்லாம் வீண். சும்மா வீண்.

அவளுக்குக் காலில் இருந்து கோபம் ஏறியது. எங்கேயோ போயிருந்த தன் உடம்பு திரும்பி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. யூஜீனியா எங்கே என்று கேட்க வாயைத் திறக்கவும், தன் வீட்டில் இருந்து யாக்கோபின் குரல் வரவும் சரியாக இருந்தது. பேசாத மனிதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்றால் நல்லதுக்கு இல்லை. ஓடினாள்.

பிள்ளை வாந்தி எடுத்திருந்தான். எடுத்துவிட்டுத் துவண்டு கிடந்தான். தூக்கினால் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மார்பில் போட்டாள், வாயைத் திறக்கவில்லை. யாக்கோபு, "அக்கா வரட்டும்" என்றான்.

"உன்ட அக்கா வந்த வரைக்கும் போதும்" என்றாள் அனஸ்தாசியா. "ஓட்டோவைக் கூப்பிடு. இப்ப கூப்பிடாட்டி நான் இவனைத் தூக்கிக்கொண்டு நடந்து போவன். போகேக்க இந்தக் கரையில உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் நிண்டு, ஏன் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போவன்."

அவன் ஓடினான். போத்தல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதையும் கொண்டே ஓட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். பிள்ளையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், போத்தலை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அனஸ்தாசியா வெங்காரம் என்றதும் அவள் முகம் மாறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு சாத்தியது. அந்தக் கதவுக்கு வெளியே அனஸ்தாசியா எப்படி நின்றாள் என்று எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நின்றாள்.

டொக்டர் வெளியே வந்தபோது பிள்ளை தப்பிவிட்டான் என்று முதலில் சொல்லவில்லை. முதலில் ஏசினாள். சிங்களம் கலந்த தமிழில், நோயாளர் வாட்டில் உள்ள எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படியாக ஏசினாள்.

"வெங்காரம் நஞ்சு, தெரியுமா? தேனும் இந்த வயசில குடுக்கவே ஏலாது. கொஞ்சம் பிந்தியிருந்தா பிள்ளை இல்லை. நீங்க அம்மா தானே? பார்த்துக்கொண்டுதானே நிண்டீங்க? ஏன் வாய் திறக்க இல்ல?"

அனஸ்தாசியாவிடம் அவள் வாழ்நாளில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வாயை மூடு என்று சொல்லாத ஆள் இல்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டது அந்த ஒருத்திதான். அவள் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று, பிள்ளை பிறந்த நாளில் இருந்து முதன்முறையாக, சத்தம் போட்டு அழுதாள்.

அவள் அழுது முடியட்டும் என்று டொக்டர் நின்றாள். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "இப்ப உங்கட மார்பைக் காட்டுங்க" என்றாள். பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இதோடயா பால் குடுத்தீங்க" என்றாள். அதில் ஏச்சு இல்லை. வாயில் வருகிறதும் மார்பில் வருகிறதும் ஒரே பூஞ்சணம்தான், ஈரத்தில் வளர்வது, அம்மாவிடம் இருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடம் இருந்து அம்மாவுக்கும் மாறி மாறிப் போகும், ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது என்றாள். பிள்ளையின் வாய்க்குச் சொட்டு மருந்து, தாயின் மார்புக்குக் களிம்பு, இரண்டும் ஒன்றாக. துணிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வைக்க வேண்டும். நாக்கை உரசவே கூடாது. பாலை நிறுத்தவும் கூடாது.

"டொக்டர், கோபத்தில குடுத்தா பால் கெட்டுப் போகுமா?"

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அப்பிடியெண்டா என்ட பிள்ளைகள் ரெண்டும் எப்பவோ செத்திருக்கும். நான் இந்த வாட்டில ஒவ்வொரு நாளும் கத்திப்போட்டுத்தானே போய்ப் பால் குடுத்தனான்."

வாட்டில் இருந்து வந்த அன்று அனஸ்தாசியா வீட்டுக்குள் போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பின்வீட்டு முற்றத்துக்குப் போனாள். யூஜீனியா குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், எழுந்தாள். அனஸ்தாசியா, டொக்டரிடம் திரும்ப வாங்கி வந்த போத்தலைத் திறந்து, தேனை வேலியோரத்து மண்ணில், தான் மறுபக்கத்தில் நின்று பால் பீய்ச்சிய அதே வேலியடியில் ஊற்றினாள். சுரூபம் விழுந்தது. அதை மட்டும் எடுத்து, வாளித் தண்ணீரில் கழுவி, சீலைத் தலைப்பால் துடைத்து யூஜீனியாவின் கையில் வைத்தாள்.

"மாதாவோட எனக்குக் கோபமில்ல, மச்சாள். உங்களோடதான் கோபம்."

"என்ட பிள்ளைகள் எல்லாத்துக்கும் இதைத்தானே போட்டனான்" என்றாள் யூஜீனியா. "நான் கெடுதல் நினைப்பனா, பிள்ளை? என்ட தம்பியின்ட ரத்தமில்லையா அது?"

"கெடுதல் நினைச்சிருந்தா நான் முதல் நாளே விளங்கிக்கொண்டிருப்பன். நீங்க நல்லது நினைச்சுத்தான் என்ட பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்க. உங்கட மகளின்ட பிள்ளைக்கு வாய் வெளுத்ததை மறைச்சுப்போட்டு, என்ட கோபத்தாலதான் வந்தது எண்டு எனக்குச் சொன்னீங்க. அதை நான் மறக்க மாட்டன். அவன் வளந்து கலியாணம் கட்டினாலும் மறக்க மாட்டன்."

யூஜீனியா சுரூபத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அவளின்ட பிள்ளைக்கும் வெளுத்தது எண்டு தெரிஞ்சா என்ட கையை ஆர் நம்புவினம்" என்றாள், மெதுவாக. பொய் சொல்லத் தெரியாத நேரத்தில் வந்த சொல் அது.

உள்ளே இருந்து டிலுக்ஷி வந்தாள். வந்து, தாயைப் பார்க்காமல், அனஸ்தாசியாவின் முன்னால் நின்றாள். சட்டைக்கு மேலால் நெஞ்சைச் சுற்றி ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. பாலை வற்ற வைப்பதற்குக் கட்டியது.

"எனக்கும் எரிஞ்சது, மாமி" என்றாள். "கண்ணாடி குத்துற மாதிரி. அம்மாட்ட சொன்னன், எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டா. பிறகு நான் சொல்லல்ல."

அனஸ்தாசியா பிள்ளையை யூஜீனியாவின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கிற வரைக்கும் வாய் ஓயவில்லை. யூஜீனியாவை ஏசினாள், யாக்கோபை ஏசினாள், கட்டாரில் இருந்தவனை ஏசினாள், எதையும் சொல்லாமல் இருந்ததற்கு டிலுக்ஷியையும் ஏசினாள். பிறகு அவளையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். முஃப்லிஹா மிஸ்ஸையும் விடவில்லை. "வாசலில நிண்டு கேட்டா ஆர் சொல்லுவா, உள்ளுக்கு வந்து பாக்க வேணும்" என்றாள். முஃப்லிஹாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுப் படலையடியில் இருந்தும் திரும்பியதில்லை.

டிலுக்ஷியின் மகளுக்கு வாய் தெளிந்தது. டிலுக்ஷிக்குப் பால் திரும்பவில்லை. முஃப்லிஹா சொன்னபடி பிள்ளையை மார்பில் போட்டுப் போட்டுப் பார்த்தாள், சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவள் குறை சொல்லவில்லை. அவளுக்காகக் கோபப்படுகிற வேலையையும் அனஸ்தாசியாதான் எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு அந்தக் கரையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவள் ஒருமுறை போவாள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச மாட்டாள். நேரே தாயிடம் போய், "உனக்கு நோகுதா" என்று கேட்பாள். வேலியோரம் பால் பீய்ச்சுகிறவளைக் கண்டாளோ, அன்றைக்கு அந்த வீடு இரண்டாகும்.

போன கிழமை முற்றத்தில் இருந்து யாக்கோபை ஏசிக்கொண்டிருந்தாள். எதற்கென்று இப்போது அவளுக்கே நினைவில்லை, வலையை வாசலில் போட்டதற்காக இருக்கும். மடியில் நிலுக்சன் பால் குடித்துக்கொண்டிருந்தான். வேலிப் பொட்டால் யூஜீனியா வந்தாள். இப்போதெல்லாம் அவள் கூப்பிடாமல் உள்ளே வருவதில்லை, பொட்டில்தான் நிற்பாள். பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"ஆத்திரத்தோட பால் குடுக்காதே, பிள்ளை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற டிலுக்ஷி தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மச்சாள்" என்றாள் அனஸ்தாசியா, "ஆஸ்பத்திரியால வந்த நாளில இருந்து நான் இவனுக்கு ஒரு நேரம்கூட ஆத்திரமில்லாமல் பால் குடுக்கல்ல. வந்து இந்தத் தொடையைப் பாருங்க."

யூஜீனியா வந்து பார்த்தாள். மடிப்பு இரண்டு விழுந்திருந்தது. அனஸ்தாசியா யாக்கோபின் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து மறுபடி ஏசத் தொடங்கினாள். குரல் படலை தாண்டிக் கரை வரைக்கும் போனது. நிலுக்சன் ஒரு கண்ணைத் திறந்து தாயின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான், வாயை எடுக்கவில்லை.